இன்டீரியர் வேலை: துறைக்கு வர நினைப்பவர்களும் வீட்டுக்காரர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் பதினைந்து வருடமாக வீடுகளுக்கு உள்வேலை செய்துவருகிறேன். வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார். பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோர் ஒருபக்கம். பூச்சுவேலை முடிந்த வீட்டை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று திகைக்கும் குடும்பங்கள் இன்னொருபக்கம். இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம்தான் என்பதால் ஒன்றாகவே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. பட்டுத் தெரிந்துகொண்டவை என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

இன்டீரியர் டிசைனர், டெகரேட்டர் இரண்டும் ஒன்றா? ஆர்கிடெக்ட் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்கள்?

டெகரேட்டர் இருக்கிற அறையை அழகாக்குகிறார். திரைச்சீலை, பெயின்ட், சோபா, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. டிசைனர் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். கட்டில் போட்டபிறகு அலமாரிக் கதவு முழுதாகத் திறக்குமா, படுத்தபடியே விளக்கை அணைக்க ஸ்விட்ச் எங்கே இருக்க வேண்டும், மாவாட்டுகிற கிரைண்டர் எங்கே உட்காரும், மழைநாளில் துணி எங்கே காயும் என்பதையெல்லாம் சுவரில் பைப் புதைப்பதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டும். நம் ஊரில் இரண்டு வேலையையும் பெரும்பாலும் ஒருவரே செய்கிறார், அதில் தவறில்லை.

ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிப் பதிவு எதுவும் கட்டாயமில்லை. நாளைக்கே ஒருவர் போர்டு மாட்டிக்கொள்ளலாம். அதனாலேயே வீட்டுக்காரர்கள் விசாரித்துக் கொடுக்க வேண்டும், நாங்களும் எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். பீம், தூண், லோடு தாங்கும் சுவர் எதிலும் நாங்களாகக் கை வைக்கக் கூடாது. இப்போது வரும் அடுக்குமாடிகள் பலவற்றில் அலுமினிய ஃபார்ம்வொர்க் வைத்துச் சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே ஊற்றுகிறார்கள். அங்கே வாசலை அகலப்படுத்துவது இருக்கட்டும், வயருக்காகக் காடி வெட்டுவதற்குக்கூட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் உளியை எடுக்கக் கூடாது.

இதற்குப் படிப்பு கட்டாயமா?

சட்டப்படி இல்லை. படிப்பது நல்லது. அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகமும், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியும் பெயர்பெற்றவை. என்ஐடிக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. தமிழ்நாட்டில் பி.டெஸ்., பி.எஸ்சி., பாலிடெக்னிக் டிப்ளமோ என்று பல நிலைகளில் இருக்கிறது. நாட்டா தேர்வு ஆர்கிடெக்சருக்கானது. இன்டீரியருக்கு அது வேண்டும் என்று யாராவது பணம் கட்டச் சொன்னால் இரண்டாவது இடத்தில் கேட்டுப் பாருங்கள். 1972இல் தொடங்கிய இந்திய இன்டீரியர் டிசைனர்கள் சங்கத்துக்குச் சென்னை, கோவை போன்ற ஊர்களில் கிளைகள் உண்டு. மாணவராக இருக்கும்போதே அவர்கள் கூட்டங்களுக்குப் போய்வாருங்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: மாணவர்களை எத்தனை முறை சைட்டுக்கு அழைத்துப் போகிறார்கள், ஆசாரிப் பட்டறையில் எத்தனை நாள் நிற்க வைக்கிறார்கள்? கம்ப்யூட்டரில் வரைவதை ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். 18 மில்லிமீட்டர் பலகையை ஒருமுறையாவது கையால் அறுத்தவருக்குத்தான் தான் வரைந்த கோடு எவ்வளவு தடிமன் என்பது புரிகிறது.

எனக்குப் படம் வரைய வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. கை ஓவியம் தேவையில்லை. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு ஆசாரிக்குப் புரியவைக்கிற அளவுக்கு வந்தால் போதும். கணக்கு வராது என்றால்தான் கஷ்டம்.

படித்து முடித்தவுடன் தனியாகத் தொடங்கலாமா?

வேண்டாம். இரண்டு வருடம் ஒருவரிடம் வேலை செய்யுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அந்த இரண்டு வருடத்தில் அடுத்தவர் பணத்தில் தப்பு செய்து கற்றுக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. தப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று காட்டிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். நான் ஒன்பது மாதத்திலேயே வெளியே வந்தேன். அதற்கான விலையை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

அளவு, அளவு என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறீர்கள்?

என் இரண்டாவது வேலை திருப்பாலைப் பக்கம் ஒரு வீடு. சுவர் எழும்பியிருந்தது, பூச்சு முடியவில்லை. பால்காய்ச்சத் தேதி குறித்துவிட்டார்கள் என்ற அவசரத்தில் செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர் அளந்து, படுக்கையறை அலமாரியைப் பட்டறையிலேயே செய்யச் சொல்லிவிட்டேன். அலமாரி வந்து இறங்கியபோது இரண்டு பக்கமும் பூச்சு ஏறியிருந்தது. பக்கத்துக்கு நாலு நூல், மொத்தம் எட்டு நூல், அதாவது ஒரு அங்குலம். எங்கள் தொழிலில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். இரண்டு நூல் பிசகினாலே கதவு உரசும். எட்டு நூலை எங்கே ஒளிப்பது? அலமாரியைக் கழற்றி, பக்கப் பலகையை மாற்றி, நாலு கதவையும் புதிதாகச் செய்தோம். செலவு முழுவதும் என்னுடையது. அந்த வேலையில் நான் வாங்கிய கட்டணத்தைவிட அது அதிகம்.

ஆசாரி அண்ணன் அன்றைக்குத் திட்டவில்லை. தூக்குக்குண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "இந்தச் செவுத்துல மேல ஒருதடவ, நடுவுல ஒருதடவ, கீழ ஒருதடவ பாரு தங்கச்சி" என்றார். மூன்று இடத்தில் மூன்று அளவு வந்தது. நேரான சுவர் என்று ஒன்று கிடையாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் ஒவ்வொரு சுவரையும் மூன்று உயரத்தில் அளந்து, மூன்றில் சின்னதையே எடுத்துக்கொள்கிறேன். மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறேன். லேசர் மீட்டர் இருக்கிறது. ஆனாலும் டேப்பை விடவில்லை. பூச்சும் தரையும் முடிந்தபிறகு இரண்டாம் முறை அளக்காமல் பலகை அறுக்கக் கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கிறது.

அறையை மட்டும் அளந்தால் போதாது, பொருளையும் அளக்க வேண்டும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பழைய பீரோ, பாட்டியின் தேக்குக் கட்டில், எல்லாவற்றையும். அதைவிட, மாடிப்படித் திருப்பத்தையும் லிஃப்ட் கதவையும். ஆறரை அடி சோபா லிஃப்டில் ஏறாமல் வாசலிலேயே நின்ற வீடுகள் எனக்குத் தெரியும்.

சமையலறையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சமைப்பவரிடமிருந்து. வீட்டில் யார் சமைக்கிறாரோ அவர் வராமல் நான் சமையலறைப் பேச்சை எடுப்பதே இல்லை. பணம் கொடுப்பவர் ஹாலில் உட்கார்ந்து படம் பார்த்து "இதே மாதிரி வெள்ளையா" என்பார். உள்ளே நிற்கப்போகிறவர் எதிரே பேசாமல் நிற்பார். அவர் பேசுகிறவரை காத்திருக்க வேண்டும். சில வீடுகளில் சமையலுக்கு வரும் அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது எல்லாமே உபயோகமாக இருந்தது.

மேடை உயரம் வழக்கமாக 32 முதல் 34 அங்குலம். ஆனால் ஐந்து அடி உயரப் பெண் 34 அங்குல மேடையில், அதற்கு மேல் நாலைந்து அங்குல அடுப்பு வைத்து, அதற்கு மேல் குக்கர் வைத்தால் உள்ளே என்ன வேகிறது என்று எட்டித்தான் பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். மேடையில் பதிக்கிற அடுப்பு என்றால் கொஞ்சம் உயர்த்தலாம், மேலே வைக்கிற அடுப்பு என்றால் தாழ்த்த வேண்டும். மாமியார் ஐந்தடி, மருமகள் ஐந்தரை அடி என்றால்? அதிக நேரம் நிற்பவருக்கே முதலிடம்.

அப்புறம் நான் கேட்பவை: அரிசி 25 கிலோ சிப்பமாக வருமா, அதை யார் தூக்குவது? கிரைண்டர் தினமும் ஓடுமா, வாரம் ஒருநாளா? (பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள கல்லை யாரும் மேல் அலமாரியிலிருந்து இறக்க முடியாது. அது இருக்கிற இடத்திலேயே ஓட வேண்டும், பக்கத்தில் கழுவிவிட வசதி வேண்டும், பிளக் வேண்டும்.) இட்லிக் கொப்பரையின் உயரம் என்ன? அருவாமனையில் கீழே உட்கார்ந்து நறுக்குவீர்களா? அப்படியென்றால் நடுவில் தீவு மேடை வேண்டாம், தரைதான் வேண்டும். கொலு வைப்பீர்களா? படியும் பொம்மையும் வருடத்தில் 355 நாள் எங்கே இருக்கும்? விருந்தாளிகள் வந்தால் விரிக்கிற பாயும் மெத்தையும்?

இந்தக் கேள்விகள் எந்த மாடுலர் கிச்சன் கேட்லாக்கிலும் இல்லை. வெளியூர்ப் படத்தைப் பார்த்துச் செய்த சமையலறையில் ஒரு மாதத்துக்குள் கிரைண்டர் பால்கனிக்குப் போய்விடுகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும், ஏனென்றால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் இனி தினமும் மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

பிளைவுட்டில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

முதலில் பலகையில் அச்சிட்டிருக்கும் இந்தியத் தர எண்ணைப் படியுங்கள். ஐஎஸ் 303 என்பது பொதுப் பயன்பாட்டு பிளைவுட். ஐஎஸ் 710 என்பது மரைன். 710இன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் விடக்கூடாது என்பது சோதனை. "வாட்டர் புரூஃப் பலகை" என்று கடையில் வாயால் சொல்வது இதில் எதுவும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். இதைக் கடைவாசலில் நின்றே செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லா இடத்துக்கும் 710 தேவையில்லை. சிங்க்குக்குக் கீழே, பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரிக்கு அவசியம். ஹால் டிவி யூனிட்டுக்கு 303 போதும். தண்ணீர் படும் இடத்தில், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குடித்தால் பொரி மாதிரி ஊதும், திரும்ப அமுங்காது.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, உறவினர் வீட்டைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். புது அலமாரிகளின் அடிப்பகுதி முழுக்க உப்பி, ஓரப்பட்டி உரிந்து தொங்கியது. அதே வீட்டின் பின்கட்டில் அவர் அப்பா காலத்துச் சமையலறை இருக்கிறது, கடப்பாக் கல் பலகைகளைச் சுவரில் செருகிய அடுக்கு. சேற்றை வழித்து, ஒரு வாளித் தண்ணீர் விட்டதும் பழையபடி ஆகிவிட்டது. அன்றிலிருந்து தாழ்வான மனை, தரைத்தளம் என்றால் கீழ் அலமாரிக்குக் கடப்பாக் கல் தடுப்பு வைத்து, கதவை மட்டும் பிவிசி அல்லது அலுமினியத்தில் போடச் சொல்கிறேன். எதுவானாலும் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிக் காலில் நிறுத்த வேண்டும். துடைப்பம் உள்ளே போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

"சதுர அடிக்கு இவ்வளவு" என்கிறார்கள். அந்தக் கணக்கு சரியா?

கணக்கு சரிதான், கேள்விதான் பாதியில் நிற்கிறது. 7 அடி உயரம், 6 அடி அகல அலமாரி என்றால் முகப்பு 42 சதுர அடி, அதற்குத்தான் விலை போடுகிறார்கள். உள்ளே போகிற பலகையைக் கூட்டிப் பாருங்கள். ஆழம் 2 அடி. இரண்டு பக்கமும் நடுத்தடுப்பும் சேர்ந்து 42. மேல், கீழ் 24. மூன்றடித் தட்டு நாலு போட்டால் 24. கதவுகள் 42. மொத்தம் 132 சதுர அடி. எட்டுக்கு நாலு பலகை ஒன்று 32 சதுர அடி என்பதால், வெட்டுச் சேதாரத்தோடு ஐந்து பலகை. முதுகுப் பக்கத்துக்கு மெல்லிய பலகை தனி.

ஆகவே ஒருவர் மற்றவரைவிடச் சதுர அடிக்கு 200 ரூபாய் குறைவாகச் சொன்னால் தட்டு குறைந்திருக்கலாம், முதுகுப் பலகை இல்லாமல் சுவரையே முதுகாக விட்டிருக்கலாம், 18க்குப் பதில் 16 மில்லிமீட்டராக இருக்கலாம். டிராயர் தனி, கைப்பிடி தனி, பரண் கதவு தனி என்று பின்னால் வரலாம். விலையைப் பேசுமுன் உள்வரைபடத்தைக் கேளுங்கள். எத்தனை தட்டு, எத்தனை டிராயர், என்ன பலகை, அதன்மேல் ஒட்டும் லேமினேட் என்ன, எந்தக் கீல், டிராயர் ஓடும் சேனல் எது என்று எழுதிக் கொடுக்காத எஸ்டிமேட்டை நான் எஸ்டிமேட்டாகவே நினைப்பதில்லை.

உங்கள் கட்டணம் எப்படி? கடைகளில் கமிஷன் வாங்குவீர்களாமே?

நேராகவே கேட்டதற்கு நன்றி. பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கட்டணம் வாங்க மூன்று வழி உண்டு. வீட்டுப் பரப்புக்குச் சதுர அடிக் கட்டணம், வேலைச் செலவில் ஒரு சதவீதம், அல்லது பொருளும் கூலியும் சேர்த்து முழு வேலையையும் நாங்களே எடுத்துச் செய்வது. மூன்றாவதில் எங்கள் லாபம் உள்ளேயே இருக்கும். மூன்றுமே நேர்மையான வழிகள்தான், வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறவரை.

நான்காவது ஒன்று இருக்கிறது. "டிசைன் இலவசம்" என்று சொல்லிவிட்டு டைல்ஸ் கடை, பிளைவுட் கடை, விளக்குக் கடை, திரைச்சீலைக் கடை எல்லாவற்றிலும் பின்வாசலில் பங்கு வாங்குவது. தொடக்கத்தில் எனக்கும் ஒரு கடைக்காரர் கவர் கொடுத்தார். வேலை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "எல்லாரும் வாங்குறதுதான்ம்மா" என்றார். அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பி.எஃப். பணத்தில் வீடு கட்டியவர். அந்தக் கடையில் அவர் கொடுத்த விலையில் இந்தக் கவரும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பணத்தைக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காப்பி போட்டுக் கொடுத்தார். அவர் சொல்லி எனக்கு வந்த வீடுகள் இதுவரை ஏழு.

கமிஷன் வாங்கினால் பணம் மட்டும் போவதில்லை, கண்ணே மாறிவிடுகிறது. எந்த டைல்ஸ் இந்த வீட்டுக்கு நல்லது என்று பார்க்க வேண்டிய கண், எந்தக் கடை எவ்வளவு தரும் என்று பார்க்கத் தொடங்குகிறது. அதனால் என் ஒப்பந்தத்தில், கடை தள்ளுபடி எதுவானாலும் பில்லிலேயே கழியும் என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பதிலாக என் கட்டணத்தைக் குறைக்காமல் கேட்கிறேன். புதிதாக வருகிறவர்களே, உங்கள் வேலைக்கு வெளிப்படையாக விலை சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே நாக்கு தடுமாறும். வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகிக்கொண்டாவது சொல்லுங்கள்.

பணம் பாக்கி நின்றுவிட்டால்?

நிற்காதபடி பிரித்து வாங்க வேண்டும். வேலையை எடுத்துச் செய்யும்போது நான் வரைபடத்துக்கு 10 சதவீதம், பொருள் வாங்குமுன் 40, அலமாரிக் கூடுகள் சைட்டில் நின்றதும் 40, முடித்துக் கொடுத்ததும் 10 என்று வாங்குகிறேன். வேலை நடக்கும்போது "இந்த மூலையில ஒரு ஷெல்ஃப் மட்டும்" என்பார்கள். மறுக்க வேண்டாம். ஆனால் அன்று மாலையே என்ன கூடியது, எவ்வளவு ஆகும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்தபிறகு செய்யுங்கள். சண்டைகளில் பாதி எழுதாததால் வருகிறது.

வாஸ்து பார்ப்பீர்களா?

வீட்டுக்காரர் பார்த்தால் நானும் பார்ப்பேன். அடுப்பு அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில்; பூஜை ஈசானியத்தில்; பெரியவர் படுக்கை கன்னி மூலையில், தென்மேற்கில். இவ்வளவும் தெரியாமல் இங்கே யாரும் வேலை செய்ய முடியாது. அது அவர்களுடைய மன நிம்மதி, அதில் வாதாட எனக்கு உரிமையில்லை. ஆனால் பூச்சு முடிந்த வீட்டில் வாஸ்துவுக்காகத் தூணை நகர்த்தவோ, கழிப்பறைக் குழாயைத் திருப்பிச் சரிவு கெடுக்கவோ சொன்னால் மறுத்துவிடுவேன். பார்ப்பதானால் வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பூஜை அலமாரி பற்றி ஒன்று: விளக்குத் திரிக்கு நேர் மேலே லேமினேட் தட்டு வைக்காதீர்கள். புகையில் கறுத்து, சூட்டில் விரியும். பின்னால் கல், அடியில் எண்ணெய் துடைக்கத் தோதாகக் கிரானைட், மேலே புகை போக வழி, இவ்வளவு போதும்.

எப்போது வேலையைத் தொடங்கினால் பால்காய்ச்சுக்குள் முடியும்?

ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, மாசி, பங்குனி ஆகிய மாதங்களில் நம்மவர்கள் குடிபுக மாட்டார்கள். ஆகவே ஊர் முழுக்க வேலை ஆவணிக்கும் தைக்கும் சித்திரைக்கும் முன்னால் வந்து குவிகிறது. ஆடியில் ஆசாரிக்குத் தூங்க நேரமிருக்காது. தை முகூர்த்தத்துக்குத் தீபாவளிக்குப் பிறகு வந்து கேட்டால், வடமாநிலத் தச்சர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியிருக்க மாட்டார்கள். மூன்று படுக்கையறை வீட்டுக்கு வரைபடம், பொருள் தேர்வுக்கு ஒரு மாதம், வேலைக்கு மூன்று மாதம் விடுங்கள். முடியவில்லையென்றால் பால் காய்ச்சிவிட்டு நிதானமாகச் செய்யலாம். பெயின்ட் காயாமல் சாமி கும்பிட்டு என்ன ஆகப்போகிறது?

ஆசாரிகளோடு ஒரு பெண் சமாளிக்க முடியுமா?

முடியும். "சமாளிப்பது" என்று நினைக்காமல் போனால் இன்னும் சுலபம். முப்பது வருடம் உளி பிடித்தவரிடம் வரைபடத்தை நீட்டி "இப்படித்தான்" என்று சொல்வதற்குமுன், "அண்ணே, இது நிக்குமா?" என்று கேளுங்கள். நிற்காதென்றால் ஏன் என்று சொல்வார். கூலியைச் சனிக்கிழமை சாயங்காலம் சொன்னபடி கொடுங்கள். இந்த இரண்டும் இருந்தால் மரியாதை தானாக வரும். தவறு கண்டால் மற்றவர் முன்னால் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தச்சர்களோடு வேலை செய்ய ஹிந்தி எண்கள் தெரிந்தால் பெரிய உதவி. நம்முடைய நூலுக்கு அவர்கள் சூத் என்பார்கள், இரண்டும் ஒரே அளவு.

உண்மையான கஷ்டம் வேறு. சைட்டில் கழிப்பறை இருக்காது. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, உள்ளே ஒரு கழிப்பறையைத் தண்ணீரோடும் தாழ்ப்பாளோடும் முதல் நாளிலிருந்து தயாராக வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வேலையாட்களில் பெண்களுக்கும் அது பயன்படும். இருட்டியபிறகு தனியாகச் சைட்டுக்குப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு வெளிச்சம் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்காரரையும் வரச்சொல்லுங்கள்.

வரி விஷயம்?

சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள். சேவையிலிருந்து ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. டிசைன் கட்டணத்துக்கு 18 சதவீதம். வருமான வரியில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏஏ பிரிவு இன்டீரியர் டெகரேஷனைப் பெயர் சொல்லியே தொழில்முறைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் 44ஏடிஏ பிரிவின்படி கட்டண வரவில் பாதியை லாபமாகக் காட்டிக் கணக்கை எளிதாக முடிக்கலாம். வரவு 50 லட்சம்வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம்வரை. 2026 ஏப்ரல் முதல் அதற்குப் பதில் 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு. பொருளோடு வேலையை எடுத்துச் செய்தால் அது கட்டண வரவு ஆகாது, கணக்கு வேறு. இரண்டையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள்.

நம் ஊர்ப் பொருளை வைத்து இன்றைய வீட்டைச் செய்ய முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றே சொல்வேன். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிக் கல் செய்கிறார்கள், சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பாகிறது. நடக்க நடக்க மெருகு ஏறும். ஆனால் முழு வீட்டுக்கும் போட வேண்டாம். அமிலம் கலந்த கிளீனர் ஊற்றிக் கழுவுகிற வீட்டில் போடவே வேண்டாம், வண்ணம் போய்விடும். முன்னறையில் ஒரு கம்பள அளவுக்குப் பதித்து, சுற்றிலும் சாதாரணக் கல் போட்டால் செலவும் அடங்கும், கண்ணும் நிறையும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீடுகளிலிருந்து வந்த கதவு, தூண், பீங்கான் சாமான் எல்லாம் கிடைக்கும். ஒரு பர்மாத் தேக்குச் சன்னலைக் கண்ணாடிச் சட்டமாக மாற்றியதைப் பார்த்து, எண்பது வயதுப் பாட்டி ஒருவர் அதன் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரைக்கும் விரிப்புக்கும் கரூர். தரைக்குப் பவானி ஜமக்காளம். படுக்கப் பத்தமடைப் பாய். அஞ்சறைப்பெட்டியைப் பாருங்கள்: எட்டும் இடத்தில், ஒரே மூடியில், கை தானாகப் போகிற வரிசையில். அடுப்புப் பக்க டிராயரை அதே வரிசையில்தான் நான் பிரிக்கிறேன்.

வாடகை வீடு, கையில் கொஞ்சம் பணம்தான். டிசைனர் தேவையா?

தேவையில்லை. விளக்கை மாற்றுங்கள். 6500 கெல்வின் வெள்ளை டியூப் ஒன்றை அணைத்து, 3000 கெல்வின் மஞ்சள் பல்பை மூலையில் ஸ்டாண்டில் வைத்தாலே அறை வேறாகிவிடும். படிக்கிற, சமைக்கிற இடத்தில் வெள்ளை இருக்கட்டும். திரைக் கம்பியைச் சன்னலுக்கு மேலே ஒரு அடி தூக்கி மாட்டுங்கள். ஆணி அடிக்கும்முன் வீட்டு உரிமையாளரைக் கேட்டுவிடுங்கள்.

வேலை முடித்துக் கொடுத்தபிறகு கூப்பிட்டால் வருவீர்களா?

கூப்பிடாமலே வருவேன். ஒரு மழைக்காலம் கழிந்தபிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போகிறேன், பையில் திருப்புளியோடு. கதவு இறங்கியிருந்தால் கீலிலுள்ள திருகுகளைத் திருப்பினால் நிமிர்ந்துவிடும். அதை வீட்டிலுள்ள ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். போர்த் தண்ணீர் உப்பு பாத்ரூம் கண்ணாடியில் படிந்திருக்கும். கிரைண்டர் அதன் இடத்திலேயே இருக்கிறதா என்று சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பேன். போன மாதம் ஊமச்சிகுளத்தில் ஒரு வீட்டில், நான் யோசித்து யோசித்து வைத்த செய்தித்தாள் தட்டில் பேரனின் செருப்பு வரிசையாக இருந்தது. வாசலில் செருப்புக்கு நான் விட்ட இடம் அந்தக் கைக்கு எட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: செருப்புத் தட்டில் ஒன்று தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள்.